ப்ளூ டோபாஸ் வாங்கப் போறேன்: ஸ்கை, ஸ்விஸ், லண்டன் மூணுல எது? கட்டிங் நல்லாருக்கான்னு எப்படி பாக்கிறது?

கோவை_மீனா:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்கு தை மாசம் கல்யாணம், அவளுக்கு நீலக் கலர்னா உயிரு, அதனால வெள்ளியில ஒரு மோதிரமும் அதுக்கு மேட்சா ஒரு ஜோடி தோடும் செஞ்சு குடுக்கணும்னு ஆசை. சஃபையர் எல்லாம் நம்ம பட்ஜெட்டுக்கு வராது, ப்ளூ டோபாஸ்னு முடிவு பண்ணி போன ஞாயித்துக்கிழமை ஒரு கடைக்கு போய் பாத்தேன். மோதிரத்துக்குன்னு மூணு கல்லு எடுத்து வச்சாங்க. ஒண்ணு வெளிர் நீலம், பெரிய ஓவல், ஸ்கை ப்ளூன்னாங்க. இன்னொண்ணு ரவுண்டு, நல்ல பளிச்சுன்னு நீலம், அது ஸ்விஸ் ப்ளூவாம். மூணாவது செவ்வகமா மூலை வெட்டின மாதிரி எமரால்டு கட், பச்சை கலந்த அடர் நீலம், லண்டன் ப்ளூன்னு சொன்னாங்க. லண்டன் ப்ளூ மட்டும் பூமியில இருந்து அப்படியே அந்த கலர்ல வர்றது, ரொம்ப அபூர்வம், மத்ததெல்லாம் ட்ரீட்மெண்ட் பண்ணதுன்னு சொல்லி அதுக்கு விலையும் கேரட்டுக்கு ஸ்கை ப்ளூவை விட மூணு மடங்கு சொல்றாங்க.

கடையில மேல இருந்து லைட் அடிக்குது, அதுல மூணுமே அள்ளுது. ஆனா எனக்கு மனசுக்கு பிடிச்சது அந்த ரவுண்டு ஸ்விஸ் ப்ளூ தான், சும்மா கைய லேசா ஆட்டினாலே மினுமினுன்னு கலர் கலரா அடிக்குது. ஓவல் கல்லு பெருசா இருந்தாலும் நடுவுல ஏதோ வெறிச்சோன்னு இருக்கிற மாதிரி தோணுச்சு, சொல்லத் தெரியல. வீட்டுக்கு வந்து சொன்னா மாமா ஒரு பக்கம், அந்த கல்லெல்லாம் அணு உலையில வச்சு எடுக்கிறது, கையில போட்டா கேன்சர் வரும்னு பயமுறுத்துறாரு. இன்னும் அட்வான்ஸ் எதுவும் குடுக்கல.

கலர்ல எது ஒசத்தி, கட்டிங்ல என்ன பாக்கணும், குவாலிட்டிக்கு ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏன்னு போட்டிருக்காங்களே அதுக்கு அர்த்தம் இருக்கா, லண்டன் ப்ளூக்கு அந்த விலை தகுமா, மாமா சொல்றது உண்மையா... தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

---

திருச்சி_பட்டறை:

சிஸ்டர், நான் திருச்சியில கல் பட்டை தீட்டுற தொழில்ல இருக்கேன். எங்க ஊர்ல முக்கால்வாசி சிந்தெடிக் கல்லு தான் ஓடும், ஆனா டோபாஸ், அமெதிஸ்ட் மாதிரி கல்லும் ஆர்டருக்கு வரும், அதனால கையில பிடிச்சு பழக்கம் உண்டு.

முதல்ல அந்த லண்டன் ப்ளூ விஷயத்த சொல்லிடறேன், ஏன்னா நீங்க ஏமாற வாய்ப்பு இருக்கிறது அங்க தான். கடையில கிடைக்கிற நீல டோபாஸ் எல்லாமே, ஸ்கை, ஸ்விஸ், லண்டன் மூணுமே, பூமியில இருந்து எடுக்கும்போது பெரும்பாலும் தண்ணி மாதிரி வெள்ளையா தான் இருக்கும். அதுக்கு கதிர்வீச்சு குடுப்பாங்க, பெரும்பாலும் குடுத்தவுடனே நீலமாகாது, பழுப்பு, பச்சை கலந்த பழுப்புன்னு ஒரு மாதிரி ஆகும், அப்புறம் 200 டிகிரி செல்சியஸ் பக்கத்துல சூடு காட்டினா அந்த பழுப்பு போய் நீலம் மட்டும் நிக்கும். இப்படி நீலமாகிறதை பத்தி கர்ட் நாசோங்கிற ஆராய்ச்சியாளர் 1975ல விரிவா எழுதினாரு, அதையொட்டின காலத்துல தான் இது பெரிய வியாபாரமாவும் ஆச்சு. லைட்டான ஸ்கை ப்ளூ, காமா கதிர்லயோ எலக்ட்ரான் மெஷின்லயோ வரும். ஸ்விஸ்ஸுக்கு எலக்ட்ரான். லண்டன் ப்ளூவோட அந்த அடர் பச்சை நீலம் வரணும்னா அணு உலையில நியூட்ரான் குடுக்கணும். அதாவது மூணுலயும் அதிகமா ட்ரீட்மெண்ட் ஆனது லண்டன் ப்ளூ தான், கடைக்காரர் சொன்னதுக்கு நேர் எதிர். இயற்கையில நீல டோபாஸ் இல்லாம இல்ல, ரஷ்யாவுல யூரல் பக்கம் கிடைச்சிருக்கு, அமெரிக்காவுல டெக்சஸ் மாநிலம் மேசன் கவுண்டியில கிடைக்குது, 1969ல அதையே அந்த மாநிலத்தோட கல்லுன்னு அறிவிச்சாங்க. ஆனா அதெல்லாம் வெளிர் நீலம். இன்னொரு விஷயம், வெளிர் நீலக் கல்லு ஒண்ணு இயற்கையா ட்ரீட்மெண்டான்னு லேப்ல குடுத்தாலும் கண்டுபிடிக்க முடியாது, அதனால நேச்சுரல் கலர்னு சொல்லி யாராவது கூடுதல் காசு கேட்டா அதுக்கு ஆதாரமே காட்ட முடியாது. குடுக்காதீங்க.

இதுல இருந்து தான் நான் சொல்ல வர்ற முக்கியமான விஷயமே வருது. சஃபையர்ல கலரு பூமி குடுக்கிறது, அதனால கலருக்கு காசு. டோபாஸ்ல கலரு மனுஷன் குடுக்கிறது, வேணுங்கற அளவுக்கு வேணுங்கற கலர்ல பண்ணலாம், வெள்ளை கல்லுக்கும் பஞ்சமில்ல, பிரேசில், நைஜீரியா, இலங்கைன்னு நிறைய வருது. பெரிய கல்லுக்கும் பஞ்சமில்ல, லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துல வச்சிருக்கிற ஆஸ்ட்ரோ கல்லு 9,381 கேரட், கிட்டத்தட்ட ரெண்டு கிலோ, அதுவும் நீல டோபாஸ் தான். அதனால கலர் அபூர்வம், சைஸ் அபூர்வம்னு சொல்றதுக்கெல்லாம் காசு குடுக்காதீங்க. ப்ளூ டோபாஸ்ல ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் நிஜமான வித்தியாசம் வெட்டுல தான் இருக்கு. நல்லா வெட்டினவன் உழைப்புக்கு காசு குடுங்க. உலைக்கு போய் வர்ற செலவும் காத்திருக்கிற காலமும் இருக்கிறதால லண்டன் ப்ளூ ஸ்கை ப்ளூவ விட விலை கூட இருக்கிறது நியாயம், ஆனா மூணு மடங்குக்கு காரணமா "அபூர்வம்"னு சொன்னா ஒத்துக்க வேண்டாம், இன்னும் ரெண்டு கடை விசாரிங்க.

வெட்டுல என்ன பாக்கணும்னா, உங்களுக்கு ஓவல் கல்லுல நடுவுல வெறிச்சோன்னு தெரிஞ்சுதுன்னு சொன்னீங்கல்ல, உங்க கண்ணு சரியா பாத்திருக்கு. அதுக்கு தொழில்ல விண்டோன்னு பேரு. கல்லோட அடிப்பக்கம் சரியான சாய்வுல இருந்தா மேல இருந்து போற வெளிச்சம் அடியில பட்டு திரும்பி மேலயே வரும். டோபாஸுக்கு அந்த சாய்வு 38 டிகிரிக்கு கீழ போச்சுன்னா வெளிச்சம் திரும்பாம அடி வழியா ஓடிடும், அதனால நாங்க 40 டிகிரிக்கு மேல தான் பிடிப்போம். ஆனா நிறைய பேரு என்ன பண்றாங்கன்னா மேல பாக்க பெருசா தெரியணும்னு தட்டையா வெட்டிடறாங்க, அப்ப நடுவுல கண்ணாடி ஜன்னல் மாதிரி வெறுமையா தெரியும், ஓரத்துல மட்டும் மின்னும். இத செக் பண்ண ஒரு வழி, கல்ல அச்சடிச்ச எழுத்து மேல கவுத்தாம நேரா வச்சு மேல இருந்து பாருங்க. நடுவுல எழுத்து தெளிவா படிக்க முடிஞ்சா பெரிய விண்டோ. லேசா அங்கங்க கலங்கி தெரிஞ்சா பரவால்ல, ஓவல்ல கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். இதுக்கு எதிரா ரொம்ப ஆழமா வெட்டினா நடுவுல கருப்பா இருண்டு போகும், எடையும் கூடும், நீங்க கேரட்டுக்கு காசு குடுக்கிறதால அடியில தொங்குற அந்த கல்லுக்கும் சேத்து குடுக்கறீங்க.

அடுத்தது லென்ஸ் வச்சு பட்டைங்க சேர்ற இடத்த பாருங்க. மூணு நாலு பட்டை ஒரே புள்ளியில வந்து கூடணும். கூடாம ஒண்ணு தள்ளி ஒண்ணு நின்னா அவசரத்துல வெட்டினது. பட்டையோட ஓரம் கத்தி மாதிரி கூர்மையா இருக்கணும், மழுங்கி உருண்டையா தெரிஞ்சா கண்ணாடியா இருக்கவும் வாய்ப்பு, இல்ல பழைய கல்லா இருக்கும். மேல இருக்கிற பெரிய டேபிள் பட்டைய சாச்சு ட்யூப் லைட் அதுல பிரதிபலிக்கிற மாதிரி பிடிங்க, லைட்டோட கோடு நேரா வழுக்கிட்டு போகணும், நெளிஞ்சா, நுண்ணுண்ணா கோடு விழுந்திருந்தா பாலிஷ் சரியில்ல. டோபாஸ்ல இது ஏன் முக்கியம்னா, இந்த கல்லுக்கு ஒரே ஒரு திசையில சுத்தமா பிளக்கிற குணம் இருக்கு, அந்த திசைக்கு நேரா பட்டை வச்சா எவ்வளவு தேச்சாலும் பாலிஷ் ஏறாது, பொரிஞ்சு பொரிஞ்சு வரும், அதனால தெரிஞ்சவன் அஞ்சு பத்து டிகிரி சாச்சு தான் டேபிள் போடுவான். தெரியாதவன் வெட்டினது டேபிள்லயே தெரிஞ்சிடும்.

ஏ, டபுள் ஏ எல்லாம் அவங்கவங்க கடையில அவங்கவங்க போட்டுக்கிறது, பொதுவான விதின்னு எதுவும் இல்ல. ஸ்விஸ், லண்டன்ங்கிறதும் வியாபாரப் பேரு தான், தரம் இல்ல. உள்ள அழுக்கு, விரிசல் விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க, ப்ளூ டோபாஸ் சாதாரணமாவே வெறும் கண்ணுக்கு சுத்தமா கிடைக்கிற கல்லு, எமரால்டு மாதிரி விட்டுக்குடுக்க வேண்டியதே இல்ல. கண்ணுக்கு ஏதாவது தெரிஞ்சா தள்ளி வச்சிடுங்க, அதுலயும் இறகு மாதிரி ஒரு தட்டையான விரிசல் தெரிஞ்சா தொடவே தொடாதீங்க, அது பின்னாடி பிளக்கும்.

கலர்ல எது ஒசத்தின்னு கேட்டா, அது சைஸோட சேத்து பாக்க வேண்டியது. ஸ்கை ப்ளூ சின்ன கல்லா எடுத்தா வெள்ளைக் கல்லு மாதிரி தான் தெரியும், அதுக்கு பெரிய சைஸும் நல்ல ஆழமும் வேணும். லண்டன் ப்ளூ அப்படியே எதிர், பெருசா ஆழமா போனா மை மாதிரி இருண்டிடும், அளவான சைஸ்ல தான் அழகு. கலர கடை லைட்ல முடிவு பண்ணாதீங்க, வாசலுக்கு கொண்டு வந்து வெள்ளை பேப்பர் மேல வச்சு வெயில் நேரா படாத வெளிச்சத்துல பாருங்க, அப்புறம் மஞ்சள் பல்புல ஒரு தடவ பாருங்க.

கடைசியா ஒண்ணு. அந்த ரவுண்டு ஸ்விஸ் ப்ளூ கலர் கலரா அடிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அதுல சின்ன சந்தேகம். மூணு கல்லோட நீளம், அகலம், ஆழம் மி.மீ.லயும், எடை கேரட்லயும் வாங்கிட்டு வந்து போடுங்க, சொல்றேன்.

---

ரேடியோ_பிசிக்ஸ்:

மாமா சொன்ன விஷயத்துக்கு நான் பதில் சொல்றேன், ஆஸ்பத்திரியில கதிரியக்கப் பிரிவுல வேலை.

கதிர் பட்ட பொருள் எல்லாம் தானே கதிர் வீசும்னு நினைக்கிறது தான் பயத்துக்கு காரணம். கோபால்ட் 60 காமா கதிர் பட்டா கல்லு கதிரியக்கமாகாது, எக்ஸ்ரே எடுத்துட்டு வெளிய வர்ற ஆளு கதிர் வீசறாரா, அது மாதிரி தான். எலக்ட்ரான் மெஷின்ல சக்தி ரொம்ப கூட வச்சா கொஞ்ச நாள்ல அடங்கிப் போற அளவுக்கு ஏதாவது உண்டாகலாம். நியூட்ரான் கதை மட்டும் வேற. டோபாஸ்ங்கிறது அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன், ஃப்ளோரின் சேந்தது, அதுங்களால பிரச்சனை இல்ல, சீக்கிரம் அடங்கிடும். ஆனா கல்லுக்குள்ள துளித்துளியா டாண்டலம், ஸ்காண்டியம் மாதிரி வேற தனிமம் கலந்திருக்கும், நியூட்ரான் பட்டா அது கதிரியக்கமாகும். அப்படி உண்டாகிற டாண்டலம் 182 பாதியா குறைய சுமார் 115 நாள் ஆகும், ஸ்காண்டியம் 46க்கு சுமார் 84 நாள். அதனால தான் உலையில இருந்து வந்த கல்ல மாசக்கணக்குல, தேவைப்பட்டா வருஷத்துக்கு மேலயும் பூட்டி வச்சு அளந்து பாத்து தான் வெளிய விடறது. பத்து தடவ பாதியானா ஆயிரத்துல ஒரு பங்குக்கும் கீழ போயிடும். அமெரிக்காவுல இத அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் கண்காணிக்குது, அங்க முதல்ல விக்கிறவங்க லைசென்ஸ் வாங்கணும், ஒவ்வொரு லாட்டையும் அளக்கணும். இந்த மாதிரி கல்ல போட்டுக்கிட்டதால யாருக்கும் கெடுதல் வந்ததா ஆதாரம் இல்லைன்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

மாமாவுக்கு இன்னும் மனசு ஆறலைன்னா ஸ்கை ப்ளூ எடுங்க, அது உலைக்கே போகாம செய்யக்கூடிய கலர். கல்யாணப் பரிசு, வீட்டுல பெரியவங்க நிம்மதியா பாக்கணும், அதுவும் முக்கியம் தானே.

---

மாத்தளை_சுதா:

நான் இலங்கை, மாத்தளை. எங்கட பக்கம் ரத்தோட்டை ஏரியாவுல டோபாஸ் கிடைக்கும், எல்லாம் பச்சைத் தண்ணி நிறம், நிறமில்லாத கல் தான். அதைத்தான் வெளிநாட்டுக்கு அனுப்பி நீலமாக்கிறது. மண்ணுல இருந்து எடுத்து கழுவினா தேஞ்சு உருண்ட கூழாங்கல் மாதிரி இருக்கும், சில கல்லுல மட்டும் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி சமமா பிளந்து போயிருக்கும், அந்த சமமான முகத்தப் பாத்து தான் எங்கட ஆக்கள் குவார்ட்ஸ் இல்ல இது டோபாஸ்னு பிரிப்பாங்க, அதோட கையில எடுத்தா பாரமும் கூட இருக்கும், குவார்ட்ஸ விட நல்லா கனம்.

திருச்சி அண்ணன் சொன்ன மாதிரி வெட்டு தான் எல்லாம். இங்க பழைய முறையில வெட்டுற ஆக்கள் எடைய காப்பாத்தணும்னு அடி வயிற பெருசா விட்டுடுவாங்க, சஃபையருக்கு அது சரி, ஒவ்வொரு பொயிண்டும் (கேரட்டுல நூறுல ஒரு பங்கு) காசு. டோபாஸுக்கு அதுல அர்த்தமே இல்ல, கல் மலிவு, எடைய இழந்தாலும் பரவாயில்ல, ஒளி வரணும். அதனால ஜெய்ப்பூர்ல வெட்டினது, எங்க வெட்டினதுன்னு ஊர் பேர் கேக்காம கல்ல பக்கவாட்டுல பிடிச்சுப் பாருங்க. மேல பாகம் மூணுல ஒண்டு, கீழ பாகம் மூணுல ரெண்டுன்னு இருந்தா ஓரளவு சரியான வெட்டு. நடுவுல ஓடுற விளிம்பு ஒரே தடிப்பா சுத்தி வரணும், ஒரு பக்கம் மெல்லிசு ஒரு பக்கம் தடிப்புன்னா வேணாம்.

இன்னொண்டும் பாத்துக்கோங்க. மேல கோட்டிங் அடிச்ச டோபாஸும் இருக்குது, வானவில் மாதிரி நிறம் அடிக்கும், மிஸ்டிக் டோபாஸ்னு விப்பாங்க. அது பொய் இல்ல, சொல்லி வித்தா சரி, ஆனா கோட்டிங் ஒரு மெல்லிய படலம், மோதிரத்துல போட்டா பட்டை ஓரத்துல உரிஞ்சு வெள்ளை தெரியும். தோட்டுக்குன்னா கொஞ்ச காலம் நிக்கும்.

---

கோவை_மீனா:

இவ்வளவு விவரமா சொல்வீங்கன்னு எதிர்பாக்கவே இல்ல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு மறுபடி போனேன். கடையில வேல பாக்கிற அக்கா ரொம்ப நல்லவங்க, அவங்களே வெர்னியர்ல அளந்து எடை மெஷின்ல வச்சு எழுதி குடுத்தாங்க.

ஸ்கை ப்ளூ ஓவல்: 12 x 10 மி.மீ., ஆழம் 5 மி.மீ., எடை 4.2 கேரட்.
ஸ்விஸ் ப்ளூ ரவுண்டு: 8 மி.மீ., ஆழம் 5 மி.மீ., எடை 3.4 கேரட்.
லண்டன் ப்ளூ எமரால்டு கட்: 9 x 7 மி.மீ., ஆழம் 4.5 மி.மீ., எடை 2.5 கேரட்.

பேப்பர் மேல வச்சும் பாத்தேன். ஓவல்ல நடுவுல எழுத்து நல்லாவே படிக்க முடிஞ்சுது. ரவுண்டுல ஒண்ணுமே தெரியல, அதனால அது தான் நல்ல வெட்டுன்னு நினைக்கிறேன், சரியா? லண்டன்ல எழுத்து தெரியல, வாசல்ல வச்சு பாத்தா மயில் கழுத்து மாதிரி அவ்வளவு அழகு, ஆனா உள்ள மஞ்சள் லைட்ல கொஞ்சம் சாம்பல் அடிக்குது.

---

திருச்சி_பட்டறை:

சிஸ்டர், அளவு ரொம்ப உதவியா இருக்கு. ஒவ்வொண்ணா சொல்றேன்.

ஓவல் 12 x 10க்கு ஆழம் 5ன்னா அகலத்துல பாதி தான், தட்டை. 6 மி.மீ. கிட்ட இருக்கணும், இருந்திருந்தா எடை 5 கேரட் வந்திருக்கும். அதான் எழுத்து தெரியுது. கல்லு டோபாஸ் தான், எடை அளவோட ஒத்துப்போகுது, ஆனா வெட்டு சரியில்ல. ஏற்கனவே வெளிர் கலரு, அதுல விண்டோவும் விழுந்தா நடுவுல கலரே இருக்காது.

ரவுண்டு தான் முக்கியம். 8 மி.மீ. ரவுண்டு, 5 மி.மீ. ஆழத்துல டோபாஸா இருந்தா எடை 2 கேரட் சுத்தி வரணும். டோபாஸோட அடர்த்தி தண்ணிய விட மூணரை மடங்கு, 3.53. உங்க கல்லு 3.4 கேரட் காட்டுதுன்னா அடர்த்தி கிட்டத்தட்ட 5.9 வருது. அது சி.இசட், க்யூபிக் ஜிர்கோனியா, எங்க ஊர்ல தினமும் தீட்டுற அதே செயற்கைக் கல்லு. கலர் கலரா அடிக்குதுன்னு நீங்க எழுதினப்பவே தோணுச்சு, டோபாஸுக்கு அந்த வானவில் நெருப்பு கிடையாது, அது அமைதியா வெள்ளை வெளிச்சமா தான் மின்னும். எழுத்து தெரியலைங்கிறதும் அதனால தான், சி.இசட் வெளிச்சத்த ரொம்ப வளைக்கும், தட்டையா வெட்டினா கூட எழுத்து தெரியாது, அதனால எழுத்து டெஸ்ட்ட கல்லு என்னன்னு உறுதியானப்புறம் தான் நம்பணும். சி.இசட் கெட்ட கல்லுன்னு சொல்ல மாட்டேன், எங்க சாப்பாடே அது தான், ஆனா டோபாஸ் விலைக்கு விக்கக் கூடாது. கடைக்காரருக்கே தெரியாம லாட்ல கலந்து வந்திருக்கவும் கூடும், அதனால சண்டை போடாம எடைய காட்டி கேளுங்க.

இதே கணக்க வச்சு அக்வாமரின்ங்கிற இன்னொரு வெளிர் நீலக் கல்லுன்னு சொல்லி டோபாஸ் குடுக்கிறதையும் பிடிக்கலாம், அக்வாமரின் அடர்த்தி 2.7 தான், அதே சைஸ் டோபாஸ விட நாலுல ஒரு பங்கு எடை கம்மியா இருக்கணும். ஸ்பைனல்ங்கிற செயற்கை நீலக் கல்லு மட்டும் டோபாஸ் எடைக்கு ரொம்ப பக்கத்துல வரும், அத ரிஃப்ராக்டோமீட்டர்ல (கல்லு வெளிச்சத்த எவ்வளவு வளைக்குதுன்னு அளக்கிற கருவி) பிரிக்கலாம், டோபாஸ் 1.62 கிட்ட காட்டும், ஸ்பைனல் 1.73 கிட்ட.

லண்டன் ப்ளூ 9 x 7, ஆழம் 4.5, எடை 2.5, கணக்கு அச்சா ஒத்து வருது. ஆழம் அகலத்துல 64 சதவீதம், நல்ல வெட்டு. மஞ்சள் லைட்ல கொஞ்சம் சாம்பல் அடிக்கிறது லண்டன் ப்ளூவோட சுபாவம், எல்லா கல்லுலயும் இருக்கும், எவ்வளவுங்கிறது தான் வித்தியாசம். எமரால்டு கட்ல பட்டைங்க படி படியா நீளமா இருக்கும், சின்ன தப்பு கூட அப்பட்டமா தெரியும், அதுல உங்க கண்ணுக்கு எதுவும் உறுத்தலைன்னா நல்லா வெட்டியிருக்கான்னு அர்த்தம். நான் வாங்கினா இத தான் வாங்குவேன். விலைய மட்டும் பேசி குறைங்க, டோபாஸ்தானான்னு உறுதிப்படுத்த ஒரு சின்ன லேப் கார்டு கேளுங்க, ஜெய்ப்பூர் ஐ.ஐ.ஜி.ஜே.-ஆர்.எல்.சி. (முன்னாடி ஜி.டி.எல்.னு பேரு) இல்ல ஐ.ஜி.ஐ. மாதிரி கல்லு சோதிக்கிற லேப்ல இருந்து. ஆனா கல்லு விலையும் கார்டு விலையும் பக்கத்துல வந்துடும், அதனால மோதிரக் கல்லுக்கு மட்டும் போதும், தோட்டுக்கு வேணாம்.

---

சேலம்_வெள்ளி:

நான் வெள்ளி வேலை பாக்கிறவன், கல்லு வாங்கினப்புறம் நடக்கிறத யாரும் சொல்லல, அதனால எழுதறேன்.

டோபாஸ் மோஸ்ங்கிற கடினத்தன்மை அளவுல 8, கீறல் அவ்வளவு சீக்கிரம் விழாது, தூசியில இருக்கிற மணல் 7 தான். ஆனா திருச்சி அண்ணன் சொன்ன அந்த பிளக்கிற குணம் இருக்கே, ஒரு தடவ கல்தரையில விழுந்தா, இல்ல கொக்கிய மடக்கும்போது ஒரு பக்கம் கூடுதலா அமுக்கிட்டா, பட்டுன்னு ரெண்டா போகும். எமரால்டு கட்ல மூலை வெட்டியிருக்கிறது இந்த வகையில நல்லது, கூர் மூலை இருந்தா அங்க தான் முதல்ல உடையும். தினமும் போடற மோதிரம்னா நாலு கொக்கியில நிறுத்தாம சுத்தி விளிம்பு கட்டி பதிக்க சொல்லுங்க, ஆனா அடிப்பக்கம் ஓபனா விடணும், க்ளோஸ் செட்டிங்ல லண்டன் ப்ளூ செத்துடும், வெளிச்சமே போகாது. ஏற்கனவே க்ளோஸ் செட்டிங்ல பதிச்சு விக்கிற ரெடிமேட் மோதிரத்துல, அடியில நீல ஃபாயில் வச்சு வெள்ளைக் கல்ல நீலமா காட்டறதும் உண்டு, அதனால கல்ல லூஸா வாங்கி பதிக்கிறது தான் எப்பவும் நல்லது.

பத்தர்கிட்ட ஒரே ஒரு விஷயம் அழுத்தி சொல்லிடுங்க. பத்தவைக்கிற வேலை, பாலிஷ் வேலை எல்லாம் முடிச்சு மோதிரம் ஆறினப்புறம் தான் கல்லு பதிக்கணும். கல்லு இருக்கும்போது ஊதுகுழல் காட்டினா திடீர் சூட்டுல விரிசல் விடும், ரொம்ப சூடானா நீலமும் போயிடும். நாளைக்கு தங்கச்சி மோதிரத்த பெருசு பண்ண குடுத்தாலும் கல்ல கழட்டிட்டு தான் பண்ணணும். கழுவறதுக்கு வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் சோப்பு, குழந்தைங்க ப்ரஷ், அவ்வளவு தான். அல்ட்ராசோனிக் மெஷின், ஸ்டீம் ரெண்டும் வேணாம். வெயில்ல நிறம் வெளுக்காது, அந்த பயம் வேணாம்.

தோட்டுக்கு லண்டன் ப்ளூவே மேட்ச் பண்ணணும்னா ரெண்டு கல்லும் ஒரே லாட்ல இருந்து எடுங்க. ஒவ்வொரு தடவ ட்ரீட்மெண்ட் பண்ணும்போதும் நிறம் கொஞ்சம் மாறும், ஒரு கல்லுல பச்சை தூக்கலா, இன்னொண்ணுல சாம்பல் தூக்கலா இருக்கும், தனித்தனியா வாங்கினா காதுல போட்டதும் தெரிஞ்சிடும். 6 x 4 மி.மீ. அளவு போதும், அந்த சைஸ்ல லண்டன் ப்ளூ இருண்டு போகாம நல்லா திறந்து தெரியும்.

---

கோவை_மீனா:

கடையில எடைய காட்டி கேட்டேன், அந்த அக்கா உடனே முதலாளிய கூப்பிட்டாங்க, அவரு ரவுண்டு கல்ல தனியா எடுத்து வச்சுட்டாரு, லாட்ட திருப்பி செக் பண்றேன்னு சொன்னாரு. லண்டன் ப்ளூவுக்கு சொன்ன விலையில நல்லாவே குறைச்சாங்க, லேப் கார்டும் எடுத்து தர்றேன்னு ஒத்துக்கிட்டாங்க, கார்டு வந்தப்புறம் தான் மீதி பணம்னு பேசியிருக்கேன். தோட்டுக்கு 6 x 4ல ஒரே லாட்ல நாலு கல்லு வரவழைக்க சொல்லியிருக்கேன், அதுல ரெண்டு பொறுக்கிக்கலாம்னு. மாமாகிட்ட 115 நாள் கணக்க காட்டினேன், அப்ப அந்த கல்லு எத்தனை மாசம் பூட்டி வச்சிருந்ததுன்னு கடையில கேட்டியான்னு திருப்பி கேக்கறாரு. ரேடியோ பிசிக்ஸ் சார், இத கடையில கேட்டா பதில் கிடைக்குமா?

---

ரேடியோ_பிசிக்ஸ்:

சில்லறைக் கடையில கிடைக்காதுங்க, அவங்களுக்கு அந்த தகவல் வர்றதில்ல. மாமா கேட்டது நல்ல கேள்வி தான். மோதிரம் கைக்கு வந்தப்புறம் தெரிஞ்ச ஆஸ்பத்திரியில நியூக்ளியர் மெடிசின் பிரிவு இருந்தா அங்க கதிர் அளக்கிற சர்வே மீட்டர் இருக்கும், ஒரு நிமிஷம் பக்கத்துல காட்ட சொல்லுங்க. அறையில சும்மா இருக்கிற அளவும் கல்லுக்கு பக்கத்துல காட்டுற அளவும் ஒண்ணா இருந்தா மாமா கண்ணாலயே பாத்துக்கலாம்.